வெற்றிடத்தைத் தேடிய மேயர்

1631ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள், ஜெர்மனியின் எல்பே ஆற்றங்கரையில் இருந்த மக்டபர்க் நகரம் ஒரே நாளில் அழிந்தது. 1618ஆம் ஆண்டில் தொடங்கிய முப்பதாண்டுப் போர் அப்போது ஐரோப்பாவை உலுக்கிக்கொண்டிருந்தது. பல வாரங்களாக நகரை முற்றுகையிட்டிருந்த பேரரசரின் படை அன்று மதிலைத் தாண்டி உள்ளே புகுந்தது. வீடுகள் சூறையாடப்பட்டன. தெருத்தெருவாகத் தீ பரவியது. சுமார் 20,000 பேர் உயிரிழந்தனர். பெரிய தேவாலயமும் இன்னும் சில கட்டடங்களும் மட்டுமே எஞ்சின. மற்றவை எல்லாம் சாம்பலாயின.

உயிர் தப்பிய சிலருள் 28 வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். அவர்தாம் ஓட்டோ வான் கெரிக்கே. நகர மன்ற உறுப்பினராகவும் பொறியாளராகவும் பணியாற்றிய அவர் எதிரிகளிடம் சிறைப்பட்டார். பணம் கொடுத்த பிறகே அவர் விடுவிக்கப்பட்டார். வீட்டையும் செல்வத்தையும் இழந்து, மனைவி மக்களுடன் வெறுங்கையோடு நின்றார். பிற்காலத்தில் வெற்றிடத்தைப் பற்றி ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர் இவரே.

கெரிக்கே 1602ஆம் ஆண்டில் மக்டபர்க்கில் வசதியான குடும்பம் ஒன்றில் பிறந்தார். முதலில் சட்டம் பயின்றார். பின்னர் நெதர்லாந்தின் லைடன் நகருக்குச் சென்று கணிதமும் கோட்டை கட்டும் கலையும் கற்றார். படிப்பை முடித்துச் சொந்த ஊருக்குத் திரும்பிய அவர், 1626ஆம் ஆண்டில் நகர மன்றத்தில் இடம்பெற்றார். அமைதியாகச் சென்றுகொண்டிருந்த அந்த வாழ்க்கையைப் போர் தலைகீழாக மாற்றிவிட்டது.

எல்லாவற்றையும் இழந்த ஒருவர் வேறு ஊரில் புதிய வாழ்க்கையைத் தொடங்கியிருக்கலாம். சில காலம் வெளியூரில் பொறியாளராக வேலை பார்த்த கெரிக்கே, 1632ஆம் ஆண்டில் மக்டபர்க்கிற்கே திரும்பி வந்தார். இடிபாடுகளுக்கிடையே நடந்து நகரை அளந்தார். எங்கே தெருக்கள் அமைய வேண்டும், எங்கே பாலம் கட்ட வேண்டும் என்று திட்டமிட்டு வரைபடம் தயாரித்தார். கண்முன் இருந்த வெறுமையைக் கண்டு அவர் மனம் உடைந்து உட்கார்ந்துவிடவில்லை. அதை உற்றுப் பார்த்தார், அளந்தார், அங்கே என்ன செய்யலாம் என்று கேட்டார். இந்தப் பழக்கம்தான் அவருடைய வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

1646ஆம் ஆண்டில் அவர் நகரின் மேயர்களுள் ஒருவரானார். எவருக்கும் அடிமைப்படாமல் தனித்து இயங்கும் உரிமையைத் தம் நகருக்குப் பெற்றுத் தர வேண்டும் என்பதே அவருடைய பெருங்கனவு. அதற்காகப் பல நகரங்களுக்குப் பயணம் செய்தார். மாதக் கணக்கில் அரசவைகளில் காத்திருந்தார். அல்லும் பகலும் நகரப் பணியில் மூழ்கியிருந்தபோதும் வேறொரு கேள்வி அவர் மனத்தைக் குடைந்துகொண்டே இருந்தது.

பூமி சூரியனைச் சுற்றி வருகிறது என்ற கோபர்னிக்கஸின் கருத்தை கெரிக்கே ஏற்றுக்கொண்டவர். அப்படியானால், விண்மீன்கள் எண்ணிப் பார்க்க முடியாத தொலைவில் அல்லவா இருக்க வேண்டும்? பூமிக்கும் அவற்றுக்கும் இடையே உள்ள அந்த மாபெரும் பரப்பில் என்ன இருக்கிறது? அங்கும் காற்று நிறைந்திருக்கிறதா? அல்லது ஒன்றுமே இல்லையா?

அக்காலத்தில் இது துணிச்சலான கேள்வி. வெற்றிடம் என்ற ஒன்று இருக்கவே முடியாது என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கூறியிருந்தார். இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது. எங்காவது வெறுமை தோன்றினால் உடனே ஏதாவது ஒன்று விரைந்து வந்து அதை நிரப்பிவிடும் என்று பல அறிஞர்கள் நம்பினர். அவர்கள் ஏடு ஏடாக எழுதினர், மணிக்கணக்கில் வாதிட்டனர். ஆனால், சொற்களால் மட்டும் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது என்று கெரிக்கே கருதினார். வெற்றிடம் உண்டா இல்லையா என்று அறிய வேண்டுமானால், அதை உண்டாக்கிப் பார்க்க வேண்டும் என முடிவு செய்தார்.

முதலில் ஒரு மரப் பீப்பாயை எடுத்துக்கொண்டார். அதில் நீரை நிரப்பி, காற்றுப் புகாதவாறு நன்றாக அடைத்தார். தீயணைப்பதற்காக நீரைப் பீய்ச்சும் குழலைப் போன்ற ஓர் எக்கியை அதன் அடியில் பொருத்தினார். நீரை வெளியேற்றினால் உள்ளே வெறுமைதான் மிஞ்சும் என்பது அவருடைய எண்ணம். வலிமை வாய்ந்த ஆட்கள் எக்கியை இழுத்தனர். நீரும் வெளியேறியது. ஆனால், பீப்பாய்க்குள்ளிருந்து நீர் கொதிப்பது போன்ற ஓசை எழுந்தது. மரத்தின் நுண்ணிய துளைகள் வழியாகக் காற்று உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது.

கெரிக்கே சோர்ந்துவிடவில்லை. அடுத்து, சிறிய பீப்பாய் ஒன்றைப் பெரிய பீப்பாய்க்குள் வைத்தார். இரண்டிலும் நீரை நிரப்பினார். வெளியில் நீர் சூழ்ந்திருந்தால் காற்று உள்ளே புகாது என்று எண்ணினார். சிறிய பீப்பாயின் நீரை வெளியேற்றியதும் பறவை கீச்சிடுவது போன்ற மெல்லிய ஒலி கேட்டது. இம்முறை வெளியில் இருந்த நீரே மரத்தின் வழியாக உள்ளே கசிந்திருந்தது. குறை தம் எண்ணத்தில் இல்லை, மரத்தில்தான் உள்ளது என்பதை அவர் புரிந்துகொண்டார்.

மூன்றாவது முறை செம்பால் ஆன கோளம் ஒன்றைப் பயன்படுத்தினார். இப்போது நீர் தேவைப்படவில்லை. எக்கியைக் கொண்டு காற்றையே நேரடியாக வெளியேற்ற முயன்றார். தொடக்கத்தில் எளிதாக இருந்த வேலை, போகப் போகக் கடினமாகியது. இரண்டு ஆட்கள் முழு வலுவையும் கொடுத்து இழுத்தனர். காற்று கிட்டத்தட்ட வெளியேறிவிட்டது என்று நினைத்த வேளையில், பேரொலியுடன் செம்புக் கோளம் கசங்கிய துணியைப் போல நசுங்கிப்போனது. அருகில் இருந்தவர்கள் அஞ்சி நடுங்கினர்.

இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா என்று பிறர் கேட்டிருக்கலாம். கெரிக்கேயோ அந்த நசுங்கிய செம்பிலும் ஒரு பாடத்தைக் கண்டார். கோளம் சரியான உருண்டை வடிவில் அமையாததால்தான் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தை அதனால் தாங்க முடியவில்லை என்று அவர் கணித்தார். குறையில்லாத உருண்டையாக மற்றொரு கோளத்தைச் செய்யச் சொன்னார். அதிலிருந்து காற்றை வெளியேற்றியபோது அது நசுங்கவில்லை. குழாயைத் திறந்ததும் வெளிக்காற்று பெரும் விசையுடன் உள்ளே பாய்ந்தது. மனிதர்கள் இருக்கவே முடியாது என்று நம்பிய வெறுமையை அவர் ஒரு கோளத்துக்குள் உருவாக்கிவிட்டார்.

1654ஆம் ஆண்டில் ரீகன்ஸ்பர்க் நகரில் பேரரசின் மன்றம் கூடியது. தம் நகரின் உரிமைக்காகப் பேசச் சென்ற கெரிக்கே, அங்கே பேரரசர் மூன்றாம் பெர்டினண்டின் முன்னிலையில் தம் சோதனைகளைச் செய்து காட்டினார். இத்தாலியில் தோரிசெல்லி என்ற அறிஞர் பாதரசத்தைக் கொண்டு வெற்றிடம் பற்றி ஏற்கெனவே சோதனை செய்திருந்த செய்தியும் அங்குதான் அவருக்குத் தெரியவந்தது. ஒரே கேள்வியை இருவர் இருவேறு நாடுகளில் இருவேறு வழிகளில் கேட்டிருந்தனர்.

கெரிக்கேயின் பெயரை நிலைநாட்டிய சோதனை அடுத்து நிகழ்ந்தது. ஏறக்குறைய அரை மீட்டர் விட்டமுள்ள இரண்டு செம்பு அரைக்கோளங்களை அவர் செய்வித்தார். அவற்றுக்கிடையே மெழுகில் ஊறிய தோல் வளையத்தை வைத்துப் பொருத்தினார். அவற்றைப் பிணைக்க ஆணியும் இல்லை, பசையும் இல்லை. பிறகு உள்ளிருந்த காற்றை வெளியேற்றினார். 1657ஆம் ஆண்டில் மக்டபர்க்கில் அந்தக் கோளத்தின் இருபுறமும் எட்டு எட்டாகப் பதினாறு குதிரைகள் பூட்டப்பட்டன. குதிரைகள் எதிரெதிர்த் திசையில் மூச்சிரைக்க இழுத்தும் அரைக்கோளங்கள் எளிதில் பிரியவில்லை. ஆனால், குழாயைத் திறந்து காற்றை உள்ளே விட்டதும் அவை கையாலேயே பிரிந்தன.

அவற்றை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தது எது? உள்ளே இருந்த வெறுமை அவற்றை இழுத்துப் பிடிக்கவில்லை. வெளியே இருந்த காற்றுதான் அவற்றை எல்லாப் பக்கங்களிலிருந்தும் அழுத்தியது. அவ்வளவு பெரிய கோளத்தின் ஒவ்வொரு பாதியின் மீதும் ஏறக்குறைய இரண்டு டன் எடைக்குச் சமமான அழுத்தம் இருந்தது. இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது என்று மக்கள் நெடுங்காலம் நம்பியது, உண்மையில் காற்றின் எடையால் நேர்ந்த விளைவு. உறிஞ்சுகுழல் வழியாக நாம் பானம் அருந்தும்போதும் இதுதான் நிகழ்கிறது. நாம் குழலில் உள்ள காற்றைக் குறைக்கிறோம். வெளிக்காற்று பானத்தை அழுத்தி மேலே ஏற்றுகிறது.

ஒரு கேள்விக்கு விடை கிடைத்ததும் கெரிக்கேக்கு அடுத்த கேள்வி பிறந்தது. வெற்றிடத்தில் மணி அடித்தால் என்ன ஆகும் என்று பார்த்தார். ஓசை மங்கி மறைந்தது. மெழுகுவத்தியை வைத்தார், சுடர் அணைந்தது. திராட்சைப் பழங்களை வைத்தார். அவை பல மாதங்கள் கெடாமல் இருந்தன. தம் வீட்டில் பத்து மீட்டருக்கும் உயரமான நீர்க்குழாய் ஒன்றை அமைத்து, காற்றழுத்தம் ஏறுவதையும் இறங்குவதையும் கவனித்தார். 1660ஆம் ஆண்டில் ஒரு நாள் அந்த நீர்மட்டம் வழக்கத்திற்கு மாறாகத் தாழ்ந்ததைக் கண்டு, புயல் வரப்போகிறது என்று முன்கூட்டியே அறிவித்தார். அவ்வாறே கடும்புயல் வீசியது.

அவருடைய முயற்சி பிற நாட்டவரையும் தூண்டியது. ரீகன்ஸ்பர்க்கில் காட்டப்பட்ட கருவிகள் வூர்ஸ்பர்க் நகரை அடைந்தன. அங்கிருந்த காஸ்பர் ஷாட் என்ற பேராசிரியர் 1657ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அவற்றை விளக்கினார். அச்செய்தியை அறிந்த இங்கிலாந்தின் ராபர்ட் பாயில், ராபர்ட் ஹூக்கின் துணையுடன் மேம்பட்ட எக்கி ஒன்றை உருவாக்கினார். காற்றின் அழுத்தத்திற்கும் கன அளவிற்கும் உள்ள தொடர்பைக் கூறும் பாயில் விதி, அந்த ஆய்வுகளின் தொடர்ச்சியாகப் பிறந்தது. இன்று உயர்நிலைப் பள்ளி அறிவியல் வகுப்புகளில் மாணவர்கள் அவ்விதியைப் படிக்கின்றனர்.

கெரிக்கேயின் வாழ்வில் எல்லாமே வெற்றியாக அமைந்துவிடவில்லை. 1666ஆம் ஆண்டில் மக்டபர்க் நகரம் பிராண்டன்பர்க் ஆட்சியாளருக்குப் பணிய நேர்ந்தது. பல ஆண்டுகள் ஓடியாடி உழைத்தும் நகரின் உரிமையை அவரால் காக்க முடியவில்லை. அதே ஆண்டில் பேரரசர் அவருக்கு உயர்குடிப் பட்டம் வழங்கிச் சிறப்பித்தார். பட்டம் கிடைத்தது, கனவு கைகூடவில்லை. ஆயினும், அவர் தம் ஆய்வை விட்டுவிடவில்லை. 1672ஆம் ஆண்டில் வெற்றிடம் பற்றிய அவருடைய பெரிய நூல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. சோதனைகளோடு, ஒன்றுமின்மையைப் போற்றும் ஒரு பகுதியையும் அவர் அதில் எழுதியிருந்தார். எல்லாரும் அஞ்சிய வெறுமை, அவருக்கு நெருங்கிப் பழகிய நண்பனைப் போல் ஆகியிருந்தது.

முதுமையில் ஹாம்பர்க் நகரில் தம் மகனுடன் வாழ்ந்த கெரிக்கே, 1686ஆம் ஆண்டில் தமது 83ஆம் வயதில் காலமானார். இன்று மக்டபர்க்கில் உள்ள பல்கலைக்கழகம் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. விண்வெளியில் ஏறத்தாழக் காற்றே இல்லை என்பதை இன்று நாம் உறுதியாக அறிவோம். அந்த மாபெரும் வெளியைப் பற்றி, அங்கே செல்ல வழியே இல்லாத காலத்தில், ஒரு பீப்பாயையும் எக்கியையும் கொண்டு அவர் கேட்கத் துணிந்தார்.

வாழ்க்கையில் வெறுமையும் விடை தெரியாத கேள்விகளும் எல்லாருக்கும் நேர்வதுண்டு. அவற்றைக் கண்டு அஞ்சி விலகுவோரும் உண்டு. அறியாததையும் அறிந்ததாகச் சொல்லி மூடி மறைப்போரும் உண்டு. கெரிக்கே இவ்விரண்டையும் செய்யவில்லை. எரிந்த நகரின் நடுவிலும், கசிந்த பீப்பாயின் அருகிலும், நசுங்கிய செம்பின் முன்னாலும் அவர் ஒரே செயலைத்தான் செய்தார். இங்கே என்ன இருக்கிறது, இது ஏன் இப்படி ஆனது என்று கேட்டு, விடையைத் தேடி அடுத்த அடியை எடுத்து வைத்தார்.