அகராதிக்குச் சொல் சேர்த்த டாக்டர்

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைப் பற்றிக் கேள்விப்படாத குமாஸ்தா அபூர்வம். அந்தப் பேரகராதிக்கு ஆயிரக்கணக்கான சீட்டுகள் எழுதி அனுப்பிய ஒருவர், மனநோய் விடுதியில் அடைபட்டிருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பெயர் டாக்டர் வில்லியம் செஸ்டர் மைனர்.

1834-ல் இலங்கையில் பிறந்தார். பெற்றோர் அமெரிக்க மிஷனரிகள். யாழ்ப்பாணத்தை அடுத்த மானிப்பாயில், தமிழ்ப் புத்தகங்கள் அச்சான மிஷன் அச்சகத்தை நடத்தியவர் அவருடைய தந்தை. பதினான்கு வயதில் மகனை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் 1863-ல் மருத்துவம் தேறி, அந்நாட்டு உள்நாட்டுப் போரில் ராணுவ டாக்டரானார்.

போர் முடிந்த சில ஆண்டுகளில் நோய் தலைகாட்டியது. யாரோ தம்மைப் பின்தொடர்கிறார்கள், கொல்லப் பார்க்கிறார்கள் என்று அஞ்சினார். ராணுவம் ஓய்வூதியம் கொடுத்து அனுப்பிவிட்டது. 1871-ல் லண்டன் போனார். 1872 பிப்ரவரி 17 பின்னிரவில், தம் அறைக்குள் புகுந்தவன் என்று நினைத்து, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஜார்ஜ் மெரெட் என்பவரைச் சுட்டுக் கொன்றார். பீர் ஆலைத் தொழிலாளியான மெரெட்டுக்கு ஆறு குழந்தைகள், மனைவி கர்ப்பிணி. சித்தம் கலங்கியவர் என்று நீதிமன்றம் தீர்மானித்து, மைனரை பிராட்மூர் விடுதிக்கு அனுப்பியது.

ஓய்வூதியம் வந்துகொண்டிருந்ததால் அங்கே இரண்டு அறைகள் கிடைத்தன. புத்தகங்களை வாங்கி அடுக்கினார். மெரெட்டின் மனைவியே சில காலம் அவரை வந்து பார்த்து, புத்தகங்கள் வாங்கிவந்து கொடுத்தார் என்றால் நம்புவது கடினம், ஆனால் நடந்தது.

மைனருக்கு இருந்த நோயை இன்று ஸ்கிஸோப்ரீனியா என்கிறார்கள். வெளியே தெரிவது சந்தேகமும் பிரமையும். வீட்டாரை நெடுநாள் வாட்டுவதோ வேறொன்று. எழுந்திருக்க, குளிக்க, ஒரு வேலையைத் தொட நோயாளிக்கு மனமே எழாது. சோம்பேறி என்று ஏசுவார்கள். அதுவும் நோயின் ஒரு பகுதிதான். மைனர் காலத்தில் இதற்கு மருந்து கிடையாது. பயன்தரும் முதல் மருந்து வந்தது 1950-களில்.

அவருக்கு வந்தது ஒரு வேலை. 1879-ல் அகராதி ஆசிரியரான ஜேம்ஸ் மர்ரே, பழைய நூல்களைப் படித்துச் சொற்களுக்கு உதாரணம் எடுத்து அனுப்பும்படி பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார். மைனரும் எழுதிப்போட்டார். மற்றவர்கள் கண்ணில் பட்டதை அனுப்பினார்கள். மைனர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று பொடி எழுத்தில் பட்டியல் போட்டு வைத்தார். ஆபீஸில் இண்டெக்ஸ் போட்டுப் பழகியவர்களுக்கு இதன் அருமை புரியும். இன்னின்ன சொல் இப்போது வேண்டும் என்று மர்ரேயிடமிருந்து கடிதம் வரும். பட்டியலைப் புரட்டி அந்தச் சொற்களுக்கு மட்டும் சீட்டு எழுதி அனுப்புவார். முழு அகராதியையும் அவர் தலையில் யாரும் கட்டவில்லை. இந்த வாரத்துக்கு இத்தனை சொல். அதற்காக ஆக்ஸ்போர்டில் ஒருவர் காத்திருந்தார்.

நோய் தீர்ந்துவிடவில்லை. இரவில் தரைக்கு அடியிலிருந்து ஆட்கள் வந்து துன்புறுத்துவதாகக் காலையில் புகார் சொல்வார். பகலில் மேஜையில் சீட்டு எழுதுவார். இப்படியே ஏறக்குறைய இருபது ஆண்டுகள்.

1891-ல் மர்ரே நேரில் வந்தார். அதுவரை மைனரை விடுதி டாக்டர் என்றே அவர் நினைத்திருந்ததாகப் பத்திரிகைகள் கதை கட்டின. அது பொய், உண்மை தெரிந்தேதான் வந்தார். அதன் பிறகும் பலமுறை வந்தார்.

முதுமையும் நோயும் சேர்ந்து மைனரை அழுத்தின. 1902-ல் தம்மைத் தாமே கடுமையாகக் காயப்படுத்திக்கொண்டார். அதன் பிறகு சீட்டு எழுதுவது ஏறக்குறைய நின்றது. சீட்டு வராவிட்டாலும் மர்ரே அவரைக் கைவிடவில்லை. 1910-ல் உள்துறை மந்திரியாக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் உத்தரவிட, மைனர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே 1920 மார்ச் 26-ல் காலமானார். அகராதியின் கடைசிப் பகுதி 1928-ல் வெளிவந்தது.