வில்லியம் பெவரிட்ஜின் வாழ்வும் அரசுநலக் கலைச்சொற்களும்

முன்னுரை

அரசு வழங்கும் பணம் எப்பெயரால் வழங்கப்படுகிறது என்பது, அதைப் பெறுபவர் இரவலராகக் கருதப்படுகிறாரா, உரிமையுடையவராகக் கருதப்படுகிறாரா என்பதைப் புலப்படுத்தும். பிரிட்டனில் இவ்வேறுபாட்டைத் திட்டமாக வகுத்தவர் வில்லியம் ஹென்றி பெவரிட்ஜ். அவர்தம் வாழ்வைக் கலைச்சொற்களின் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் பணியும்

பெவரிட்ஜ் 1879 மார்ச் 5 அன்று வங்காளத்தின் ரங்பூரில் பிறந்தார். தந்தை ஹென்றி இந்திய ஆட்சிப்பணியில் நீதிபதியாக விளங்கியவர். தாய் அன்னெட் பாபர் நாமாவை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். ஆக்ஸ்போர்டில் பயின்ற பெவரிட்ஜ், 1903-இல் கிழக்கு இலண்டனின் டாயின்பி ஹால் என்னும் சமூகப்பணி இல்லத்தில் சேர்ந்தார். வேலையின்மைக்குத் தொழில்துறையின் அமைப்பே முதன்மைக் காரணம் என்பதை 1909-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். பின்னர் அரசின் வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்கு இயக்குநரானார். 1919 முதல் 1937 வரை இலண்டன் பொருளியல் பள்ளியின் இயக்குநராகப் பணியாற்றினார்.

உதவியும் இழிவும்

1834-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், உழைக்கும் வலிமையுடையோர் உதவி நாடினால் பணியில்லத்திற்குள் புகவேண்டும் என்னும் கொள்கையை முன்வைத்தது. ஏழையர் நிவாரணம் பெற்றோர் வாக்குரிமை இழக்கும் விதி 1918 வரை நீடித்தது. 1931-இல் வந்த வருவாய்ச் சோதனை, வேலையிழந்தவரின் வீட்டிலுள்ளோர் அனைவருடைய வருவாயையும் கணக்கிட்டது. எனவே, உதவி என்னும் சொல்லே இழிவைச் சுமந்தது எனலாம்.

1942 அறிக்கை

இப்பின்னணியில், 1942 டிசம்பரில் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கை இரு சொற்களைப் பிரித்து நிறுத்தியது. பங்களிப்புச் செலுத்தியவர் வருவாய்ச் சோதனையின்றிப் பெறுவது காப்பீட்டுப் பயன். தேவையை மெய்ப்பித்துப் பெறுவது உதவி. முன்னது பெருவழியாகவும் பின்னது எஞ்சியோருக்கான துணைவழியாகவும் அமைதல் வேண்டும் என்பது அவர் கருத்து. வறுமை, நோய், அறியாமை, சுகாதாரக்கேடு, வேலையின்மை ஆகிய ஐந்தையும் அரக்கராக உருவகித்தார். நல அரசு என்னும் தொடரை அவர் விரும்பவில்லை. சமூகச் சேவை அரசு என்பதையே ஏற்றார்.

1944-இல் லிபரல் கட்சி உறுப்பினராக நாடாளுமன்றம் புகுந்த அவர், 1945 தேர்தலில் தோற்றார். அவர் திட்டத்தைப் பெரிதும் சட்டமாக்கியது தொழிற்கட்சி அரசு. 1946-இல் தேசியக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. 1948-இன் தேசிய உதவிச் சட்டம் ஏழையர் சட்டத்தை முடிவுக்குக் கொணர்ந்தது. பெவரிட்ஜ் 1963 மார்ச் 16 அன்று மறைந்தார்.

வரம்புகள்

பங்களிப்பை அடிப்படையாக்கியதால், ஊதியமின்றி வீட்டில் உழைத்த மணமான பெண்கள் கணவர்வழி உரிமை பெறுவோராயினர். பயன்தொகை போதாமையால் தேசிய உதவியை நாடுவோர் பெருகினர். துணைவழி சுருங்கும் என்ற எதிர்பார்ப்புப் பொய்த்தது.

முடிவுரை

உரிமையைப் பங்களிப்பில் நிறுவியதே பெவரிட்ஜின் வலிமை. பங்களிக்க இயலாதோரை மீண்டும் உதவியின்பால் தள்ளியதே அதன் குறை. நலத்திட்ட உதவி என்னும் ஒரே தொடரால் தமிழில் இவ்விரண்டையும் சுட்டினால் இவ்வரலாறு மறைந்துவிடும். பயன், உதவி, உரிமைத்தொகை ஆகியவற்றை வேறுபடுத்தி ஆளுதல் கலைச்சொல்லாக்கத்தின் கடமையாகும்.