மலைத் தாத்தாவைப் படைத்த மாதரசி

சுவிட்சர்லாந்து நாட்டில் ஜூரிச் நகருக்குப் பக்கத்தில் ஹிர்சல் என்று ஒரு மலைக் கிராமம். 1827-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி ஜோகன்னா அங்கே பிறந்தார். தந்தை டாக்டர். தாயார் பக்திப் பாடல்கள் எழுதியவர்.

1852-ல் பெர்னார்டு ஸ்பைரி என்ற வக்கீலை மணந்து ஜூரிச் நகரில் குடியேறினார். கணவருக்கு ஓயாத வேலை. மலைக்காற்றில் வளர்ந்த ஜோகன்னாவுக்கு நகர வாழ்க்கை பிடிக்கவில்லை. 1855-ல் ஒரு மகன் பிறந்தான். ஒரே பிள்ளை.

அவருடைய முதல் கதை வெளிவந்தது 1871-ல். அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அதிலே தம் முழுப் பெயரைக்கூட அவர் போடவில்லை!

1880-ல் வந்தது "ஹைடி". உலகமே அவரைத் திரும்பிப் பார்த்தது.

சிடுமூஞ்சிக் கிழவர்

ஹைடி, தாய் தகப்பன் இல்லாத 5 வயதுச் சிறுமி. சித்தி அவளை மலை உச்சியில் தனியாக வாழும் தாத்தாவிடம் விட்டுவிட்டுப் போகிறாள். கிழவரைக் கண்டால் ஊரே நடுங்கும். அவர் மகன் உத்தரம் விழுந்து செத்தான். துக்கத்தில் மருமகளும் போய்விட்டாள். கிழவர் செய்த பாவம்தான் காரணம் என்றது ஊர். அன்று மலை ஏறியவர்தான். ஊரோடும் பேச்சில்லை, கடவுளோடும் பேச்சில்லை.

அந்த முரடர் பேத்திக்கு என்ன செய்தார் தெரியுமா? கொஞ்சவில்லை. உளியை எடுத்து, அவள் உயரத்துக்கு ஒரு முக்காலி செய்து கொடுத்தார். பாலாடைக்கட்டியை நெருப்பில் வாட்டித் தந்தார். பரணில் காய்ந்த புல்லைப் பரப்பிப் படுக்கை போட்டார். பக்கத்துக் குடிசைக் கண் தெரியாத பாட்டிக்காகப் பேத்தி கண்ணீர் விட்டதும், சுத்தியலோடு போய் அந்தக் குடிசையைச் செப்பனிட்டார். உள்ளே மட்டும் நுழையவில்லை! இப்படி ஒருவர் எந்தக் குடும்பத்தில்தான் இல்லை?

பிறகு சித்தி வந்து குழந்தையைப் பிராங்பர்ட் நகருக்கு அழைத்துப் போய்விடுகிறாள். கிழவர் முன்னிலும் கடுகடுப்பானார். மாளிகையில் இருந்த ஹைடியோ மலை ஏக்கத்தில் இளைத்து, தூக்கத்தில் எழுந்து நடக்கிறாள். டாக்டர் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். பேத்தி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டதும், பல வருஷம் அழாத கிழவரின் கண் கலங்குகிறது. பிறகு பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்கு இறங்கி வருகிறார். ஊர் வாயடைத்து நிற்கிறது.

நகரத்திலே ஏங்கிய ஜோகன்னாவுக்கு அந்தக் குழந்தையின் ஏக்கம் தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்த கிழவரின் துயரமோ பிறகுதான் அவரைத் தேடி வந்தது.

1884

அந்த ஆண்டு மே மாதம் மகன் நோயில் இறந்தான். வயது 28. டிசம்பரில் கணவரும் கண்ணை மூடினார்.

ஜோகன்னா மலைக்கு ஓடி ஒளியவில்லை. ஜூரிச்சிலேயே இருந்து, மேலும் பல கதைகள் எழுதினார். 1901 ஜூலை 7-ந் தேதி காலமானார்.

1937-ல் ஹாலிவுட்டில் "ஹைடி" சினிமா ஆயிற்று. சிறுமி ஷெர்லி டெம்பிள்தான் ஹைடி. 1974-ல் ஜப்பானியர் சித்திரப் படமாக எடுத்தார்கள். கதை நடந்ததாகச் சொல்லப்படும் மயன்பெல்டு ஊருக்கு இன்றும் ஜனங்கள் போகிறார்கள். வெறும் கதை என்று தெரிந்தும், கிழவரின் குடிசையைப் பார்க்கக் குழந்தைகளோடு மலை ஏறுகிறார்கள்.