கிழியாத கால்சட்டை தந்த லீவை ஸ்ட்ராஸ்

ஜீன்ஸ் என்ற நீலநிறக் கால்சட்டையை அறியாதவர் இன்று இல்லை. கல்லூரி மாணவர் அணிகிறார். லாரி ஓட்டுகிறவர் அணிகிறார். சினிமா நட்சத்திரமும் அணிகிறார்.

அந்தக் கால்சட்டையின் பையைச் சற்று உற்றுப் பாருங்கள். பையின் மூலைகளில், பொட்டு வைத்ததுபோல் சிறிய செப்பு ஆணி தெரியும். அழகுக்காக வைத்தது என்று பலர் எண்ணுகிறார்கள்.

அழகுக்காக வந்தது அல்ல அந்த ஆணி. ஒரு விறகுவெட்டியின் கால்சட்டை கிழியாமல் இருப்பதற்காக வந்தது!

அந்தச் சிறு ஆணியை ஊரறியச் செய்தவர் லீவை ஸ்ட்ராஸ் என்ற ஜவுளி வியாபாரி. அவர் வாழ்க்கையில் ஒரு நாள் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஏழைத் தையற்காரர். அந்தக் கடிதத்துக்கு லீவை கொடுத்த மரியாதைதான் அவரை உலகப் புகழுக்குக் கொண்டு சென்றது.

தந்தையை இழந்த பிள்ளை

ஜெர்மனியில் பவேரியா என்று ஒரு பகுதி. அங்கே புட்டன்ஹைம் என்ற சிற்றூரில், 1829-ம் ஆண்டு பிப்ரவரி 26-ந் தேதி லீவை பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் லோப்.

தந்தை ஹிர்ஷ் ஸ்ட்ராஸ், ஊர் ஊராகச் சென்று சாமான் விற்பவர். யூத வகுப்பைச் சேர்ந்த குடும்பம் அது. அந்நாளில் பவேரியாவில் யூதர்களுக்குப் பல கட்டுப்பாடுகள் இருந்தன. ஓர் ஊரில் இத்தனை யூதக் குடும்பங்கள்தான் இருக்கலாம் என்று சட்டம் வரம்பு கட்டியது. யூத வாலிபன் ஒருவன் திருமணம் செய்துகொண்டு தனிக்குடித்தனம் வைப்பதற்குக்கூட எளிதில் அனுமதி கிடைக்காது.

1846-ல் தந்தை காசநோயால் இறந்தார். குடும்பம் நிலைகுலைந்தது.

தந்தையின் முதல் மனைவிக்குப் பிறந்த அண்ணன்மார் இருவர் முன்பே அமெரிக்கா சென்று, நியூயார்க் நகரில் ஜவுளி வியாபாரம் நடத்தி வந்தார்கள். தாயும், இரண்டு சகோதரிகளும், 18 வயது லோப்பும் 1847-ல் கப்பல் ஏறினார்கள்.

நியூயார்க்கில் அண்ணன்மாரிடம் அவர் தொழில் கற்றார். லோப் என்ற பெயர் லீவை ஆனது அமெரிக்காவில்தான்.

மண்ணைத் தோண்டவில்லை!

1848-ல் அமெரிக்காவின் மேற்குக் கோடியில், கலிபோர்னியாவில், தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. செய்தி காட்டுத்தீபோல் பரவியது. உழவர்கள் ஏரை விட்டார்கள். மாலுமிகள் கப்பலை விட்டார்கள். எல்லோரும் கடப்பாறையும் மண்வெட்டியும் தூக்கிக்கொண்டு கலிபோர்னியாவுக்கு ஓடினார்கள்.

லீவை 1853 ஜனவரியில் அமெரிக்கக் குடிமகன் ஆனார். மார்ச் மாதம் சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு 24 வயது.

ஆனால் அவர் மண்ணைத் தோண்டவில்லை. மண்ணைத் தோண்டுகிறவனுக்கும் துணி வேண்டும் அல்லவா? அண்ணன்மார் நியூயார்க்கிலிருந்து கப்பலில் சரக்கு அனுப்பினார்கள். துணி, கம்பளி, கைக்குட்டை, உள்ளாடை எல்லாம் வந்து இறங்கின. அவற்றைச் சிறு கடைக்காரர்களுக்கு லீவை மொத்தமாக விற்றார். அக்கா பேன்னியின் கணவர் டேவிட் ஸ்டெர்னும் வியாபாரத்தில் பங்காளியானார்.

தங்கம் தேடி வந்தவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். துணி விற்க வந்தவர் நகரின் பெரிய வியாபாரிகளில் ஒருவர் ஆனார்.

இங்கே ஒரு பழங்கதையைச் சொல்ல வேண்டும். லீவை கூடாரத் துணியோடு வந்து இறங்கினார் என்றும், ஒரு தங்கச் சுரங்கக்காரர் கேட்டதும் அந்தத் துணியிலேயே கால்சட்டை தைத்துக் கொடுத்தார் என்றும் அது சொல்லும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடந்தது அது அல்ல. கால்சட்டையின் கதை, அவர் வந்து இறங்கிச் சுமார் 20 ஆண்டுகளுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அதுவும் வேறு ஊரில், வேறொருவர் கையில்!

விறகுவெட்டியின் மனைவி

நெவாடா மாநிலத்தில் ரெனோ என்று ஓர் ஊர். ரெயில் பாதை வந்த பிறகு வளர்ந்த ஊர். அங்கே ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர் கடை வைத்திருந்தார்.

ஜேக்கப் 1831-ல் ரீகா நகரில் பிறந்தவர். அவரும் யூதரே. 1854-ல் அமெரிக்கா வந்து, பல தொழில் செய்து பார்த்து, கடைசியில் ஊசியும் நூலுமே கதி என்று உட்கார்ந்தவர். கூடாரம், வண்டிக்கு மேல்மூடி, குதிரைக்குப் போர்வை ஆகியவற்றைக் கித்தான் துணியில் தைத்தார். அந்தக் கித்தான் லீவை ஸ்ட்ராஸ் கம்பெனியில் வாங்கியது.

1870-ம் ஆண்டின் கடைசியில் ஒரு பெண் அவர் கடைக்கு வந்தாள். அவள் கணவன் விறகு வெட்டும் கூலிக்காரன். எந்தக் கால்சட்டை வாங்கினாலும் விரைவில் கிழிந்துவிடுகிறது, உறுதியாக ஒன்று தைத்துத் தாருங்கள் என்று கேட்டாள். மூன்று டாலர் பணமும் கொடுத்தாள்.

ஜேக்கப் கித்தானில் கால்சட்டை தைத்து முடித்தார். ஆனால் பை எத்தனை நாளைக்கு நிற்கும் என்று யோசித்தார். குதிரைப் போர்வையில் வார் பிணைப்பதற்கு வைத்திருந்த செப்பு ஆணிகள் மேசைமேல் கிடந்தன. அவற்றை எடுத்தார். பையின் மூலைகளில் வைத்து அடித்துவிட்டார்!

இதில் என்ன சூட்சுமம்? உழைப்பாளி தன் பையில் சுத்தியல் வைப்பான், ஆணி வைப்பான். கையை ஆயிரம் முறை விட்டு எடுப்பான். இழுவை முழுவதும் பையின் மூலையில், கடைசித் தையலில் போய் விழும். அந்த ஒரு நூல் அறுந்தால் போதும். மற்றத் தையல்களும் சரசரவென்று பிரிந்துவிடும். ஆணி அடித்தால், இரண்டு மடிப்புத் துணியையும் இரண்டு உலோகத் தலைகள் கவ்விக்கொள்ளும். இழுவையை நூல் தாங்குவதில்லை, செம்பு தாங்குகிறது.

அந்தக் கால்சட்டை கிழியவில்லை. செய்தி பரவியது. வண்டிக்காரர்களும் நில அளவைக்காரர்களும் ஜேக்கப்பைத் தேடி வந்தார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் சுமார் 200 கால்சட்டைகள் விற்றுப்போயின.

தையற்காரரின் கடிதம்

ஜேக்கப்புக்கு மகிழ்ச்சி, கூடவே பயம். அவருடைய யுக்தியைப் பார்த்த எவரும் அதேபோல் செய்துவிடலாம். சர்க்காரிடம் பேடண்ட் உரிமை வாங்கினால்தான் பிறர் காப்பியடிப்பதைத் தடுக்க முடியும். அதற்கு 68 டாலர் வேண்டும். கையில் அவ்வளவு பணம் இல்லை. இந்த வேலைக்கு இனிப் பணம் செலவழிக்கக் கூடாது என்று மனைவியும் சொல்லிவிட்டாள்.

1872 ஜூலையில் ஜேக்கப் ஒரு முடிவுக்கு வந்தார். தமக்குத் துணி விற்கும் லீவை ஸ்ட்ராஸ் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். இரண்டு கால்சட்டைகளை மாதிரிக்கு அனுப்பினார். பேடண்ட் வாங்கும் செலவை நீங்கள் ஏற்றால் பாதி உரிமை தருகிறேன் என்று தெரிவித்தார்.

நினைத்துப் பாருங்கள். எழுதியவர் சிறு தையற்காரர். பேடண்ட் உரிமை அவரிடம் இல்லை. பெற்றவர் பெரிய வியாபாரி. ரகசியம் முழுவதும் அவர் மேசைமேல் வந்துவிட்டது! ஜேக்கப்பை மறந்துவிட்டுத் தாமே தைத்து விற்றிருக்கலாம்.

லீவை அப்படிச் செய்யவில்லை. பங்குக்குச் சம்மதித்து, பணம் கட்டினார்.

மனு ஒரே தடவையில் ஏற்கப்படவில்லை. திருத்தித் திருத்தி அனுப்ப வேண்டியிருந்தது. கடைசியில் 1873-ம் ஆண்டு மே 20-ந் தேதி 1,39,121-ம் எண்ணுள்ள பேடண்ட் கிடைத்தது. அதில் கண்டுபிடித்தவர் ஜேக்கப் டேவிஸ் என்றும், உரிமை அவருக்கும் லீவை ஸ்ட்ராஸ் கம்பெனிக்கும் சேர்ந்தது என்றும் எழுதப்பட்டிருக்கிறது.

ஜேக்கப் சான்பிரான்சிஸ்கோவுக்குக் குடிவந்தார். தயாரிப்பு முழுவதையும் லீவை அவர் பொறுப்பில் விட்டார். ஆரம்பத்தில் பெண்கள் தங்கள் வீடுகளில் தைத்தார்கள். பிறகு தொழிற்சாலை வந்தது.

உழைப்பாளிக்கு ஏற்ற உடை

கித்தானைவிட டெனிம் துணிக்கே மவுசு அதிகமாயிற்று. டெனிமில் பாவு நூலுக்கு மட்டும் நீலச்சாயம் ஏற்றுவார்கள். ஊடை நூல் வெள்ளையாகவே இருக்கும். நெருக்கமான சாய்வு நெசவு. அதனால் நெடுநாள் உழைக்கும். அழுக்கும் சட்டென்று தெரியாது.

இத்தகைய முரட்டு நீலத் துணி நம் நாட்டிலும் உண்டு. பம்பாயின் டோங்ரி பகுதியில் விற்ற துணியின் பெயர்தான் ஆங்கிலத்தில் டங்கரீ என்று ஆயிற்று.

சுரங்கத்தில் தையற்காரர் ஏது? உடம்புக்கு அளவு எடுப்பவர் யார்? அதற்கும் வழி இருந்தது. இடுப்பின் பின்பக்கத்தில் ஒரு பட்டையும் கொக்கியும் வைத்தார்கள். இளைத்தவன் இறுக்கிக்கொள்ளலாம். பருத்தவன் தளர்த்திக்கொள்ளலாம். தோள்வார் மாட்டுவதற்குப் பொத்தான்களும் உண்டு. கடிகாரம் வைக்கத் தனியே சின்னப் பை.

1886-ல் இடுப்பில் ஒரு தோல் சீட்டும் சேர்ந்தது. இரண்டு குதிரைகள் ஒரு கால்சட்டையை ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன, அது கிழியவில்லை! இதுதான் அதில் உள்ள படம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்து, இரட்டைக் குதிரைக் கால்சட்டை என்று கேட்டு வாங்கலாம்.

ஒரு கறை

நல்லவர் வாழ்விலும் கறை உண்டு. அதையும் சொல்வதே முறை.

அந்நாளில் கலிபோர்னியாவில் சீனத் தொழிலாளர் மீது வெறுப்பு மூண்டிருந்தது. 1882-ல் அமெரிக்க அரசு சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதையே தடுத்துச் சட்டம் செய்தது. அதன் பின், வெள்ளையர் கைகளால் மட்டுமே செய்யப்பட்டது என்று லீவையின் கம்பெனியும் கால்சட்டையில் அச்சிட்டு விற்றது. 1890-களில் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது.

பிறந்த ஊரில் குலத்தின் பெயரால் ஒதுக்கப்பட்டவர் லீவை. அவர் கம்பெனியே இன்னொரு குலத்தை ஒதுக்கியது வேதனைதான்.

கொடையும் முடிவும்

லீவை திருமணம் செய்துகொள்ளவில்லை. அக்கா குடும்பத்தோடு வாழ்ந்தார். அக்காவின் கணவர் 1874-ல் இறந்தார். அக்காவின் பிள்ளைகள் மாமனின் நிழலில் வளர்ந்து தொழிலுக்கு வந்தார்கள்.

செல்வம் பெருகியபோது கையும் நீண்டது. 1897-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 28 மாணவர்களுக்கு உதவித்தொகை ஏற்படுத்தினார். அநாதை விடுதிகளுக்குக் கொடுத்தார். யூதர் விடுதி, கிறிஸ்தவர் விடுதி என்று அவர் பேதம் பார்க்கவில்லை.

1902-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி, 73-ம் வயதில், தம் வீட்டில் அவர் காலமானார். அவர் விட்டுச் சென்ற சொத்து சுமார் 60 லட்சம் டாலர். தொழில் மருமகன்மாரின் கைக்கு வந்தது.

1906 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவைப் பூகம்பமும் தீயும் அழித்தன. கம்பெனியின் கட்டிடமும் பழைய கணக்குகளும் கடிதங்களும் சாம்பலாயின. உண்மைக் காகிதம் போனதால் கட்டுக்கதைகள் கிளம்பின.

ஆனால் ஒன்று தப்பியது. 1874-ல், காப்பியடித்தவர்கள் மீது கம்பெனி வழக்குத் தொடுத்தது. அதில் ஜேக்கப் டேவிஸ் சாட்சி சொன்னார். விறகுவெட்டியின் மனைவி வந்ததும், மேசையில் ஆணி கிடந்ததும் அந்தக் கோர்ட்டுப் பதிவில் உள்ளன. நாம் இங்கே சொன்னதும் அதைக் கொண்டுதான்.

காலம் மாறியது. 1922-ல் பெல்ட் மாட்டும் வளையங்கள் வந்தன. இரண்டாம் உலகப்போரில் சிக்கனத்துக்காகப் பின்பட்டை போயிற்று. பின்பையின் ஆணிகள் நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் கீறியதால் 1937-ல் மறைத்துத் தைத்தார்கள். முன்பையின் ஆணி மட்டும் இன்றும் இருக்கிறது.

ஜேக்கப் 1908-ல் இறந்தார். தம் கடைசிக் காலம் வரை அதே கம்பெனியில் இருந்தார். கால்சட்டையின் மேல் லீவையின் பெயர்தான் இருக்கிறது. பேடண்டிலோ ஜேக்கப்பின் பெயர் முதலில் இருக்கிறது. ஏழையின் மூளைக்கு உரிய பங்கைக் கொடுத்தும் ஒருவர் பணக்காரர் ஆகலாம் என்பதற்கு அந்தக் காகிதமே சாட்சி.