எட்டுக் கம்பி ஐந்தான கதை: மாண்டலின் ஸ்ரீநிவாஸ்

கிட் வாங்கி, ஹாஸ்டல் ரூம்லயே சால்டரிங் பண்ணி ஒரு எலக்ட்ரிக் கிட்டார் செஞ்சு பார்க்கணும்னு ஆசை இருக்கா? அப்போ இவரைப் பத்தி நீங்க தெரிஞ்சுக்கணும்.

உப்பலப்பு ஸ்ரீநிவாஸ் 1969 பிப்ரவரி 28 அன்று ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்தார். அப்பா சத்யநாராயணா கிளாரினெட் கலைஞர். வீட்டில் இருந்த அப்பாவின் மாண்டலினை ஆறு வயசுல கையில் எடுத்தார். குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். ஆனா அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது! அவர் பாடுவார், பையன் அதைக் கம்பியில் கொண்டுவரணும். விரலை எங்கே வைக்கணும்னு காட்ட ஆளில்லை. எல்லாம் தானே கண்டுபிடிச்சதுதான்.

மாண்டலின் ஐரோப்பிய வாத்தியம். நாலு ஜோடியாக எட்டுக் கம்பி. மீட்டினா ஒலி சட்டுனு அடங்கிடும். கமகத்துக்கோ ஒலி நிற்கணும், வளையணும். ஜோடிக் கம்பியை இழுத்தா ரெண்டும் ஒரே அளவு வளையாது, சுருதி பிசகும். மந்தர ஸ்தாயிக்கும் கம்பி போதாது.

ஸ்ரீநிவாஸ் எலக்ட்ரிக் மாண்டலினுக்கு மாறினார். ஜோடிகளை விட்டுட்டு ஐந்து ஒற்றைக் கம்பி வெச்சார். ஃபெண்டர் கம்பெனி 1956லேயே ஒற்றைக் கம்பி எலக்ட்ரிக் மாண்டலின் விட்டிருந்தது. ஆனா அதுல நாலு கம்பிதான். மந்தரத்துக்கு அந்த ஐந்தாவது கம்பி தேவைப்பட்டது.

பிக்கப் வேலை செய்யறது நம்ம ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ்தான். காந்தம், அதைச் சுற்றி செப்புச் சுருள். மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தா காந்தப்புலம் மாறும், சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். அதை ஆம்ப்ளிஃபையர் பெருக்கும். அதனால அடங்கப்போகிற சின்ன அதிர்வும் காதுக்கு வந்துடும்.

1978ல் குடிவாடாவில் முதல் கச்சேரி. 1981ல் சென்னை இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் வாசிச்சார். எலக்ட்ரிக் வாத்தியத்தில் கர்நாடக சங்கீதமான்னு சந்தேகப்பட்டவங்க உண்டு. வயலினும் ஒரு காலத்துல கடல் தாண்டி வந்ததுதானே? 1983ல் பெர்லின் ஜாஸ் விழா, 1998ல் பத்மஸ்ரீ. ‘ரிமெம்பர் சக்தி’ குழுவில் ஜான் மெக்லாஃப்லின், ஜாகிர் உசேனோட சேர்ந்து உலகம் சுற்றினார். தம்பி ராஜேஷும் அவரிடம் கற்று மாண்டலின் கலைஞரானார்.

கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, 2014 செப்டம்பர் 19 அன்று சென்னையில் காலமானார். வயசு 45தான்.

கிட்ல வர்ற கிட்டார் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வரும். உங்க இசைக்கு அதுல என்ன குறையுதுன்னு தெரிஞ்சா, அதுக்கப்புறம் ஸ்க்ரூ டிரைவரை எடுங்க. அடுத்த பௌர்ணமி கிரிவலம் 14 கிலோமீட்டர் நடக்கும்போது, ஹெட்போன்ல அவரோட ஒரு ஆலாபனை போட்டுக்கோங்க. ராகம் கீழே இறங்கும்போது கவனியுங்க. அங்கே பேசறது அந்த ஐந்தாவது கம்பி!