கேள்வியை மாற்றிய பேராசிரியர்

தெற்கு லண்டனில் டூட்டிங் என்னும் பகுதி உள்ளது. 1950-களில் அங்கு ஃபவுண்டன் என்ற பெரிய மருத்துவமனை இயங்கிவந்தது. கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகள் பலர் அங்குதான் வளர்ந்தனர். காய்ச்சலோ காயமோ குணமானதும் வீடு திரும்பும் நோயாளிகள் அல்லர் அவர்கள். அவர்களுடைய அறிவுத்திறன் மற்றப் பிள்ளைகளைவிட மிகவும் மெதுவாக வளர்ந்தது. அதனால் அந்த மருத்துவமனையே அவர்களுக்கு வீடாகிவிட்டது. பெரிய கூடங்களில் வரிசை வரிசையாகக் கட்டில்கள் போடப்பட்டிருந்தன. பிள்ளைகள் அதிகமாகவும் தாதியர் குறைவாகவும் இருந்ததால், ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியே பேசவோ விளையாடவோ யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

அக்காலத்தில் இதைப் பலரும் தவறாகக் கருதவில்லை. இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பிக்க முடியாது என்றே சமுதாயம் நம்பியது. இங்கிலாந்தின் சட்டமும் கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளைக் கல்வி பெற இயலாதவர்கள் என்று ஒதுக்கி, பள்ளிக்கு வெளியே நிறுத்தியது. வீட்டிலேயே வளர்க்க விரும்பிய பெற்றோருக்கும் போதிய உதவி கிடைக்கவில்லை. அந்த நம்பிக்கை சரியானதா என்பதை ஆய்வின்மூலம் சோதித்துப் பார்த்தவர்களுள் ஒருவர்தான் பேராசிரியர் ஜாக் டிசார்ட்.

டிசார்ட் 1919-ஆம் ஆண்டில் நியூசிலாந்து நாட்டின் ஸ்டிராட்ஃபோர்டு என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை ஒரு காவல்துறை அதிகாரி. கேன்டர்பரி பல்கலைக்கழகக் கல்லூரியில் டிசார்ட் உயர்கல்வி கற்றார். தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் அப்போது அங்கு விரிவுரையாளராகப் பணியாற்றினார். டிசார்ட் அவரிடமும் பயின்றார். ஒரு கருத்து எவ்வளவு பரவலாக நம்பப்பட்டாலும் அதைச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்பது பாப்பரின் அறிவியல் கொள்கை. பிற்காலத்தில் டிசார்ட் செய்த ஆய்வுகள் அனைத்திலும் இந்தச் சிந்தனையைக் காணலாம். இரண்டாம் உலகப் போரின்போது அவர் நியூசிலாந்துப் படையில் பணியாற்றினார். போர் முடிந்ததும் பிரிட்டனுக்குச் சென்று தம் படிப்பைத் தொடர்ந்தார்.

1948-ஆம் ஆண்டில், லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் இயங்கிய ஆய்வுப் பிரிவு ஒன்றில் டிசார்ட் சேர்ந்தார். உளவியல் ஆய்வாளர் நீல் ஓகானரும் அவரும் இணைந்து, லண்டன் வட்டாரத்தில் கற்றல் குறைபாடுள்ளவர்கள் தங்கியிருந்த 12 நிறுவனங்களை ஆராய்ந்தனர். அங்கு வாழ்ந்தவர்களுள் பலருக்கு இருந்த குறைபாடு கடுமையானது அன்று. தக்க பயிற்சியும் ஆதரவும் கிடைத்தால் அவர்களால் வெளியுலகில் வேலை செய்து வாழ முடியும் என்பது தெரியவந்தது. ஆனால், வாய்ப்புக் கிடைக்காததால் அவர்கள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே முடங்கிக் கிடந்தனர். 1956-இல் இருவரும் தங்கள் ஆய்வுகளை நூலாக வெளியிட்டனர்.

கடுமையான குறைபாடுள்ள பெரியவர்களையும் டிசார்ட் ஒதுக்கிவிடவில்லை. மருத்துவமனைப் பட்டறை ஒன்றில் அவர்களுக்கு அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை கற்பிக்கப்பட்டது. தொடக்கத்தில் அவர்கள் தடுமாறினர். வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் காட்டி, பலமுறை செய்யவைத்து, ஊக்கப்படுத்தியபோது அவர்களுடைய வேகம் கூடியது. முதல் நாளில் ஒருவர் செய்வதை மட்டும் பார்த்து, அவரால் எவ்வளவு கற்றுக்கொள்ள முடியும் என்று சொல்லிவிட முடியாது என்பதை இத்தகைய ஆய்வுகள் உணர்த்தின.

இதன்பிறகு டிசார்டின் கவனம் பிள்ளைகள் பக்கம் திரும்பியது. அதுவரை ஆய்வாளர்கள் பெரும்பாலும் பிள்ளையின் குறைபாட்டையே ஆராய்ந்தனர். டிசார்ட் கேள்வியையே மாற்றினார். பிள்ளை வாழும் இடம் எப்படிப்பட்டது? அந்த இடத்தை மாற்றினால் பிள்ளையும் மாறுமா? இவற்றிற்கு விடை காண 1958-இல் அவர் தொடங்கிய ஆய்வுதான் அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது.

ஃபவுண்டன் மருத்துவமனையிலிருந்து 32 பிள்ளைகள் இந்த ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இயன்றவரை ஒரே மாதிரியான திறன் உடையவர்கள் இருவர் இருவராக இணைக்கப்பட்டனர். ஒவ்வோர் இணையிலும் ஒருவர் மருத்துவமனையிலேயே தங்கினார். மற்றவர், சர்ரே மாவட்டத்தின் ரைகேட் நகரில் இருந்த புரூக்லண்ட்ஸ் என்னும் இல்லத்திற்குச் சென்றார். இவ்வாறு 16 பிள்ளைகள் அந்த இல்லத்தில் வாழத் தொடங்கினர்.

புரூக்லண்ட்ஸ் தோட்டத்துடன் கூடிய ஒரு பெரிய வீடு. அங்குப் புதிய மருந்தோ விந்தையான கருவியோ எதுவும் இல்லை. நல்ல பாலர் பள்ளியில் மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைப்பவையே அங்கும் கிடைத்தன. பிள்ளைகள் சிறு குழுக்களாகக் குடும்பம்போல வாழ்ந்தனர். ஒவ்வொரு குழுவையும் நன்கு அறிந்த பராமரிப்பாளர்கள் இருந்தனர். விளையாட்டுக்கு நிறைய நேரம் ஒதுக்கப்பட்டது. பெரியவர்கள் பிள்ளைகளோடு ஓயாமல் உரையாடினர்.

முதல் சில மாதங்கள் எளிதாகக் கழியவில்லை. பிள்ளைகள் அடிக்கடி அழுது அடம்பிடித்தனர். சேர்ந்து விளையாடவும் அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால், பராமரிப்பாளர்கள் பொறுமையைக் கைவிடவில்லை. நாளடைவில் பிள்ளைகளின் அச்சம் குறைந்தது. அவர்கள் பெரியவர்களிடம் அன்பு காட்டினர்; ஒருவரோடு ஒருவர் கூடி விளையாடினர்; பேச்சிலும் முன்னேறினர்.

கண்ணால் கண்டதை மட்டும் நம்பி டிசார்ட் முடிவுக்கு வரவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப்பின் இரு குழுக்களின் திறன்களும் அளவிடப்பட்டன. அந்த இடைவெளியில் மருத்துவமனையில் இருந்த பிள்ளைகளின் மொழித்திறன் சராசரியாக 6 மாத அளவுக்கு வளர்ந்திருந்தது. புரூக்லண்ட்ஸ் பிள்ளைகளின் மொழித்திறனோ 14 மாத அளவுக்கு வளர்ந்திருந்தது. பேச்சு தேவைப்படாத சோதனைகளில் இரு குழுக்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு தென்படவில்லை. இதையும் டிசார்ட் மறைக்காமல் எடுத்துரைத்தார். புரூக்லண்ட்ஸ் பிள்ளைகளின் குறைபாடு மறைந்துவிடவில்லை. ஆயினும், அவர்கள் முன்பைவிட மகிழ்ச்சியாகவும் நன்றாகவும் வாழ்ந்தனர். மருத்துவமனையிலேயே இருந்த பிள்ளைகள் எதை இழந்தனர் என்பதையும் அந்த எண்கள் உணர்த்தின.

1964-ஆம் ஆண்டில் டிசார்ட் லண்டன் பல்கலைக்கழகக் கல்விக் கழகத்தில் குழந்தை வளர்ச்சித் துறைப் பேராசிரியரானார். அதே காலக்கட்டத்தில், மருத்துவர் மைக்கேல் ரட்டர் முதலியோருடன் சேர்ந்து வைட் தீவில் 9 முதல் 11 வயது வரையிலான பிள்ளைகளை ஆராய்ந்தார். உடல், மனம், கற்றல் ஆகியவற்றில் நீடித்த சிக்கலை எதிர்நோக்கிய பிள்ளைகள் ஏறத்தாழ ஆறில் ஒருவர் என்று அந்த ஆய்வு காட்டியது. சிறப்புக் கவனம் தேவைப்படுவோர் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் சிலர் அல்லர் என்பது இதனால் தெளிவாயிற்று.

பின்னர், ராய் கிங், நார்மா ரெய்ன்ஸ் ஆகிய இருவருடன் இணைந்து பிள்ளைகள் தங்கும் பலவகை இல்லங்களை டிசார்ட் ஒப்பிட்டார். அன்றாட வாழ்வில் நடக்கும் சிறிய செயல்களைக்கூட அக்குழு கூர்ந்து கவனித்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் எழுப்பப்படுகிறார்களா? குளிப்பதற்கு வரிசையில் காத்து நிற்கிறார்களா? ஒவ்வொருவருக்கும் சொந்த உடையும் பொம்மையும் உண்டா? இத்தகைய கேள்விகளுக்குக் கிடைத்த விடைகள் மதிப்பெண்களாக மாற்றப்பட்டன. சில இல்லங்களில் பிள்ளையின் தேவைக்கு ஏற்ப நாள் நகர்ந்தது. சிலவற்றிலோ நிறுவனத்தின் வசதிக்கு ஏற்பப் பிள்ளை நகர்த்தப்பட்டது. பிள்ளைகளின் குறைபாடு எவ்வளவு கடுமையானது என்பதை வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியவில்லை. பொறுப்பாளர் பெற்ற பயிற்சியும், அன்றாட முடிவுகளைத் தாமே எடுக்க அவருக்கு இருந்த உரிமையும் முக்கியக் காரணங்கள் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இந்த ஆய்வு 1971-இல் நூலாக வெளிவந்தது.

காலப்போக்கில் சட்டமும் மாறியது. 1970-இல் நிறைவேற்றப்பட்ட கல்விச் சட்டம், எந்தப் பிள்ளையையும் கல்வி பெற இயலாதவர் என்று ஒதுக்கும் முறைக்கு இங்கிலாந்தில் முற்றுப்புள்ளி வைத்தது. மறு ஆண்டு முதல், கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளின் கல்வியும் கல்வி அதிகாரிகளின் பொறுப்பாயிற்று. இது தனி ஒருவரால் விளைந்த மாற்றம் அன்று. பெற்றோர் பலர் சங்கம் அமைத்துப் பல ஆண்டுகள் போராடினர். அவர்களுடைய கோரிக்கைக்கு டிசார்ட் போன்றோரின் ஆய்வுகள் சான்றுகளாக அமைந்து வலுச்சேர்த்தன.

1973-இல் டிசார்ட் தாமஸ் கோரம் ஆய்வுப் பிரிவை லண்டனில் நிறுவினார். பிள்ளைகளின் நலனையும் பராமரிப்பையும் ஆராய்வதே அதன் நோக்கம். 1979-ஆம் ஆண்டில், 60 வயதில் அவர் காலமானார். அவருடைய மனைவி பார்பரா டிசார்டும் சிறந்த உளவியல் ஆய்வாளர். கணவரின் மறைவுக்குப்பின் அந்த ஆய்வுப் பிரிவை அவர் வழிநடத்தினார். கென்ட் பல்கலைக்கழகத்தில் கற்றல் குறைபாடுள்ளோரின் வாழ்வை ஆராயும் மையம் இன்றும் டிசார்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பரிவு மட்டும் இருந்தால் போதும் என்று டிசார்ட் எண்ணவில்லை. பரிவோடு செய்யும் ஒரு செயல் உண்மையிலேயே பயன் தருகிறதா என்று அளந்து பார்க்க வேண்டும் என்பதே அவரது கொள்கை. ஒரு பிள்ளையால் இயலாது என்று முடிவு செய்வதற்குமுன், அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன வாய்ப்பை அளித்தோம் என்று கேட்க வேண்டும். ஏறத்தாழ 30 ஆண்டுகள் டிசார்ட் இதே கேள்வியைப் பல வடிவங்களில் கேட்டார். நம் வகுப்பறையிலும் குடும்பத்திலும் நாமும் கேட்க வேண்டிய கேள்வி அது.