இரு படிவழிகளுக்கு இடையில் ஒரு தமிழாசிரியர்: பாரதிதாசன் வாழ்வும் கல்வி வாய்ப்பின் ஏற்றத்தாழ்வும்

ஆய்வுச் சுருக்கம்

பாரதிதாசன் பெரிதும் புரட்சிக் கவிஞராகவே ஆராயப்பட்டுள்ளார். அவர் 1909 முதல் 1946 வரை பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர் என்பது பெரும்பாலும் வாழ்க்கைக் குறிப்பாக நின்றுவிடுகிறது. உலகப் பேரரசு ஒன்றின் மொழி உயர்கல்விக்கும் பதவிக்கும் வாயிலாக இருந்த ஊரில், தாய்மொழி வகுப்பில் நின்றவரின் வாழ்வாக இவ்வரலாற்றை அணுகும்போது, கல்வி குறித்த அவர்தம் படைப்புகள் புதிய பொருள் பெறுவதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பாரதிதாசன், பிரெஞ்சிந்தியா, தாய்மொழிக் கல்வி, நூலகம், உலகமயம், நல்லவாடு.

முன்னுரை

புதுச்சேரி வட்டாரத்தில் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பாகூர்ச் செப்பேடு, அவ்வூர் வித்தியாத்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதைத் தெரிவிக்கிறது. ஊர்களின் வருவாய் கல்வி நிலையத்தைத் தாங்கியது. அவ்வூர்களில் உழுதவர்களின் பிள்ளைகளுக்காக அக்கல்வி நிலையம் அமையவில்லை. கல்விக்குச் செலவாகும் பொருள் எங்கிருந்து வருகிறது, கல்வி யாரைச் சென்றடைகிறது என்னும் இருவினாக்களும் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இம்மண்ணில் எழுந்தவை. பத்து நூற்றாண்டுகளுக்குப் பின் அவை மொழியின் வடிவில் மீண்டும் எழுந்தன. அக்காலத்தில் தோன்றியவர் பாரதிதாசன்.

பிறப்பும் இளமைக் கல்வியும்

சுப்புரத்தினம் 1891 ஏப்ரல் 29 அன்று புதுச்சேரியில் வணிகர் கனகசபைக்கும் இலக்குமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையின் பெயரையும் சேர்த்துக் கனகசுப்புரத்தினம் என வழங்கப்பெற்றார். அவர் பிறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1881இல், தம் தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க இந்தியருக்கு வழிசெய்யும் ஆணை வெளிவந்திருந்தது. அச்சட்டத்தை ஏற்றவரும் பிரெஞ்சு கற்றவரும் அலுவலகம், நீதிமன்றம், படை ஆகியவற்றில் இடம்பெற்றனர். சைகோன் முதலிய இந்தோசீன நகரங்களுக்கும் பணியேற்றுச் சென்றனர். பிரெஞ்சு மொழி புதுச்சேரித் தமிழருக்கு உலகத்தின் கதவாக இருந்தது. தமிழ் மட்டும் கற்றவருக்கு அக்கதவு திறக்கவில்லை.

கனகசுப்புரத்தினம் இரு வழிகளையும் கண்டவர். தொடக்கத்தில் பிரெஞ்சுப் பள்ளியில் பயின்றார். ஆயினும் தமிழ்ப் பள்ளியில் கழிந்த காலமே மிகுதி. திருப்புளிசாமி ஐயாவிடம் திண்ணைப் பள்ளிக் கல்வி பெற்றார். பு. அ. பெரியசாமிப் பிள்ளை, பங்காரு பத்தர் ஆகியோரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களையும் சைவ நூல்களையும் கற்றார். பதினாறாம் வயதில் கல்வே கல்லூரியில் தமிழ்ப் புலமைத் தேர்வுக்காகச் சேர்ந்து, இரண்டே ஆண்டுகளில் முதல்வராகத் தேறினார். வணிகக் குடும்பத்து மகனாகிய அவர் பிரெஞ்சு வழியில் தொடர்ந்திருக்கக்கூடும். தமிழ் வழியைத் தேர்ந்ததே அவருடைய பிற்காலச் சிந்தனைக்கு அடித்தளமாயிற்று.

ஆசிரியப் பணி

1909ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், காரைக்காலை அடுத்த நிரவியில் ஆசிரியராக அமர்ந்தார். அதன்பின் பணிமாற்றங்களுடன் முப்பத்தேழு ஆண்டுகள் கற்பித்தார். அக்காலத்தில், 1908 முதல் 1918 வரை, சுப்பிரமணிய பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்தார். அவரோடு ஏற்பட்ட நட்பு கனகசுப்புரத்தினத்தைப் பாரதிதாசன் ஆக்கியது. மரபுச் செய்யுளில் தேர்ந்திருந்த புலவர், எளியோருக்கும் விளங்கும் நடையைப் பாரதியாரிடம் கண்டார். இம்மாற்றம் யாப்பு, சொல்லாட்சி என்ற அளவிலேயே விளக்கப்படுவது வழக்கம். எழுத்தறியாக் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு நாள்தோறும் பாடம் சொல்லும் ஆசிரியருக்கு எளிய நடை தொழில் தேவையும் ஆகும் என்பதைச் சேர்த்து எண்ணுதல் வேண்டும். 1930இல் சிறுவர் சிறுமியர்க்கான பாடல்களையும், தாழ்த்தப்பட்டோர் சமத்துவப் பாட்டையும் அவர் வெளியிட்டமை இதனோடு பொருந்துகிறது. 1920களின் இறுதியில் பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தில் ஈடுபட்டபின், கல்வி மறுப்புக்கும் சாதிக்கும் உள்ள தொடர்பு அவர் பாடல்களில் வெளிப்படையாயிற்று.

படைப்புகளில் கல்வி

1930இல் வெளிவந்த 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' இவ்வகையில் முதன்மையானது. மலைச்சாரலில் உலவும் குப்பனும் வஞ்சியும் ஒரு மூலிகையை உண்டவுடன் உலக மக்களின் பேச்சு அவர்கள் செவியில் விழுகிறது. அயல்நாட்டார் நிறவேற்றுமை பற்றியும் நாட்டுரிமை பற்றியும் பேசுவதைக் கேட்கின்றனர். பின்னர்த் தமிழ்நாட்டில் ஒருவர் மலையைத் தூக்கிய கதையைச் சொல்லிப் பொருள் திரட்டுவதும் கேட்கிறது. குப்பன் அஞ்சி நடுங்குகிறான்; வஞ்சியே தெளிவு கூறுகிறாள். உலகச் செய்தி காதில் விழுவதால் மட்டும் அறியாமை நீங்குவதில்லை என்பதும், ஆராயும் பழக்கம் பெண்ணிடமிருந்து வரக்கூடும் என்பதும் இக்கதையின் உட்பொருள். செய்தித் தொடர்பு பெருகியும் அறிவு பெருகாத நிலையை இன்றைய ஆய்வாளர் இப்பாவியத்தில் காணலாம்.

பெண்கல்வி பற்றிய கருத்து 'குடும்ப விளக்கு' நூலில் விரிவுபெறுகிறது. அதன் தலைவி கற்றவள், பிள்ளைகளுக்குக் கற்பிப்பவள், கணவனின் வணிகத்தையும் நடத்த வல்லவள். அதற்கு எதிர்நிலையாக 1944இல் வந்த 'இருண்ட வீடு' கல்லாத குடும்பம் ஒன்றின் சீர்கேட்டை நகைச்சுவையோடு கூறுகிறது. இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. இருண்ட வீட்டில் நகைப்புக்கு ஆளாவோர் கல்லாதவரே. அவர்களுக்குக் கல்வி கிட்டாமைக்குக் காரணம் கதைக்குள் வலுவாக இடம்பெறவில்லை. ஆனால் அதற்கு ஓராண்டு முன், 1943இல் வெளிவந்த 'பாண்டியன் பரிசு', நாட்டையும் உடைமையையும் கல்வியையும் எல்லார்க்கும் உரியவையாக்கி, கல்லாமைக்கான குற்றத்தைக் கல்வி வழங்காதவர்மேல் சுமத்துகிறது. ஒரு நூல் வீட்டைத் திருத்த முயல்கிறது. மற்றொன்று ஆட்சியை வினவுகிறது. ஆசிரியர் தொழிலில் இவ்விரு பார்வைகளும் ஒருங்கே இயங்குகின்றன. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத வீட்டின்மேல் சினமும், பள்ளி அமைத்துத் தராத அரசின்மேல் சினமும் ஒருவரிடமே இருந்தன.

1938இல் வெளியான 'பாரதிதாசன் கவிதைகள்' முதல் தொகுதியில் இடம்பெறும் 'புத்தகசாலை' இச்சினத்தைத் திட்டமாக மாற்றுகிறது. சில தெருக்களுக்கு ஒன்றாக நூலகம் அமைதல், நூல்களைத் துறைவாரியாக அடுக்குதல், செய்தித்தாள்களைச் சேர்த்தல், வருபவரை மதிப்புடன் வரவேற்று இருக்கை அளித்தல், தமிழில் இல்லாத பிறமொழி நூல்களை மொழிபெயர்த்து வழங்குதல் எனச் செயல்முறையாகவே அப்பாடல் பேசுகிறது. பிறர் தயவின்றித் துறைதோறும் தமிழில் நூல் வேண்டும் என்பது 'தமிழ் வளர்ச்சி' பாடலின் கோரிக்கை. எனவே அவருடைய தமிழ்ப்பற்றை உலகறிவுக்கு எதிரான ஒதுங்கலாகக் கொள்ளுதல் பொருந்தாது. உலகறிவு பிறமொழிப் படிவழியில் ஏறியவர்க்கு மட்டும் உரியதாக இருத்தலையே அவர் மறுத்தார்.

ஓய்வுக்குப் பின்

1946இல் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு சென்னையில் அண்ணா முதலியோர் முயற்சியால் 25,000 ரூபாய் பொற்கிழி அவருக்கு வழங்கப்பெற்றது. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவின் கைக்கு வந்தது. 1955இல் பாரதிதாசன் புதுவைச் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1964 ஏப்ரல் 21 அன்று சென்னையில் மறைந்தார். 'பிசிராந்தையார்' நாடகத்திற்கு 1969ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி பரிசு அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பெற்றது.

அவர் கண்ட தீர்வின் எல்லையையும் குறிப்பிடுதல் நேர்மை. தமிழில் எல்லா நூல்களும் வந்துவிட்டாலும், பதவி வேறொரு மொழிக்கே கிட்டுமாயின், ஏழைப் பெற்றோர் அம்மொழியையே நாடுவர். பிரெஞ்சு விட்டுச்சென்ற இடத்தை ஆங்கிலம் நிரப்பியது. உலகச் சந்தை விரிந்த பின்னர்க் கட்டணம் செலுத்தி ஆங்கில வழியில் பயில்வோர், கட்டணமின்றித் தமிழ் வழியில் பயில்வோர் என்னும் பிரிவு ஊர்தோறும் அமைந்தது. நூல்களை வழங்கினால் போதும் என்னும் நம்பிக்கை, வேலைவாய்ப்பின் மொழி குறித்த வினாவைத் தீர்க்கவில்லை.

முடிவுரை

எனினும் அவருடைய புத்தகசாலைக் கருத்தின் வலிமைக்கு அவர் பிறந்த வட்டாரமே பிற்காலச் சான்று ஒன்றைத் தருகிறது. 1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவமாகக் கொண்டு புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களை அமைத்தது. கடல்நிலை, விலை, உடல்நலம் முதலிய செய்திகள் தமிழில் ஊராருக்குக் கிட்டின. கடலோர ஊராகிய நல்லவாட்டிலும் அத்தகைய மையம் இயங்கியது. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் விடுத்த எச்சரிக்கை, அம்மையத்தின் ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுவதும் அறிவிக்கப்பட்டது. மக்கள் வெளியேறி உயிர் தப்பினர்.

கடல்கடந்த தொடர்பு ஒரு குடும்பத்தின் தொலைபேசிக்குள் அடங்கியிருந்தால் ஒரு வீடே தப்பியிருக்கும். ஊர்ப்பொதுவான இடமும், எல்லார்க்கும் விளங்கும் மொழியும் இருந்தமையால் அச்செய்தி ஊரின் உடைமையாயிற்று. பொதுவிடம், தாய்மொழி, உலகத் தொடர்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே வேண்டியவர் பாரதிதாசன். கல்வி வாய்ப்பின் ஏற்றத்தாழ்வை ஆராய்வோர் பள்ளிகளின் எண்ணிக்கையோடு நில்லாது, இம்மூன்றும் ஓர் ஊரில் ஒன்றுசேர்கின்றனவா என்பதையும் ஆராய வேண்டும் என்பதே, தமிழ் வகுப்பில் முப்பத்தேழு ஆண்டுகள் நின்ற அவ்வாசிரியரின் வாழ்விலிருந்து பெறப்படும் முடிவாகும்.